போறேன் என்று வந்த மாப்பிள்ளை

ஒரு அந்நிய மொழியில் இரண்டே வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டு, அதனால் தாய்மொழியையும் கெடுத்துக்கொண்ட மனிதன் இந்த உலகத்திலேயே எங்கள் ‘ஜப்பான்’ ஒருவன்தான்.

எழுபதுகளில் திருப்பதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவனும் நானும் குமாஸ்தாக்கள். ஜப்பானிலிருந்து ஒரு மெஷின் வரப்போவதாக முதலாளி ஒருநாள் சொல்லிவைத்தார். “மெஷின்கூட எஞ்சினியரும் வருவான். அவங்கிட்ட பேச ஒரு ஆள் வேணாமா?” என்று இவன் மெட்ராஸ் போய்ப் பழைய ஜப்பானியப் பாடப்புத்தகம் ஒன்றை வாங்கிவந்தான். அன்றோடு அவனுடைய சொந்தப் பெயர் போயிற்று.

அந்த மொழியில் ‘இக்கு’ என்றால் போவது, ‘குரு’ என்றால் வருவது. அதோடு விட்டிருக்கலாம்.

“யாராவது கூப்ட்டா நாம ‘வரேன்’னு சொல்றோம் பாரு, அது அவங்களுக்குத் தப்பு. நான் நிக்கிற எடத்துக்கு வந்தாதான் வர்றது. கூப்ட்டவங்கிட்ட நான் போய்க்கினு இருக்கேன். அப்போ ‘போறேன்’தான்” என்றான். வாய் பழகவேண்டும் என்று அதைத் தமிழிலேயே பழக ஆரம்பித்தான்.

மேனேஜர் கூப்பிடுவார். “போறேன் சார்” என்பான்.

“எக்கடிக்கய்யா போற? இங்க வா” என்று அவர் கத்தி முடிப்பதற்குள் எதிரே வந்து நிற்பான்.

நாகலாபுரத்தில் பெண் பார்க்க என்னைத் துணைக்குக் கூட்டிப்போனான். பல இடங்கள் தட்டிப்போனபிறகு இங்கேதான் பேச்சு கூடிவந்தது. கை நனைக்கலாம் என்று இலையும் போட்டுவிட்டார்கள். கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தவனைப் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். “மாப்ள, எல போட்டாச்சி, வாங்க.”

“இதோ, போறேன்.”

அவர் முகம் செத்துவிட்டது. “இன்னா கொற வெச்சோம்? போறேன்றாரே” என்று என்னைக் கேட்டார். நான் விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதற்குள் இவன் ஈரக்கையோடு வந்து, இக்குவுக்கும் குருவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கே பாடம் நடத்தினான். அவர் இலையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. “எடுக்காதீங்க நைனா. ‘வந்து சொல்றோம்’னு போயி வராமலே இருந்துட்டவங்களுக்கு, ‘போறேன்’னு சொல்லிக்கினு வந்த இவரு தேவல.”

அதன்பிறகு சாப்பாட்டுக்குத் தவிர அவன் வாய் திறக்கவில்லை.

மெஷின் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கூட வந்த ஃபிட்டர் எங்களைத் தமிழிலேயே திட்டினார்.

அந்தக் கம்பெனியில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் நடந்தது. லீவு போட்டுப் போய், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் பந்தி பரிமாறியது அவன் கல்யாணத்தில் மட்டும்தான்.