இடைவேளை அண்ணாச்சி

சினிமாவில் ஜனங்களை அழ வைத்தவர்கள் எத்தனையோ பேர். சோகக் காட்சி வருவதற்கு முன்பே அழ வைத்து, காட்சி வருவதற்குள் அழுது முடிக்கவும் வைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். சாத்தூர் டூரிங் கொட்டகையில் மைக் பிடித்த இடைவேளை அண்ணாச்சி.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். கொட்டகைக்கு ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும். ஜனம் கலைந்துவிடாமல் பேசிச் சமாளிப்பதுதான் அண்ணாச்சியின் உத்தியோகம். நடந்த கதையைச் சொல்லலாம், சேவு விற்கிற இடத்தைச் சொல்லலாம். அவரோ வரப்போகிற கதையைச் சொல்லிவிடுவார்.

"தாய்மாரே, அடுத்த ரீல்ல அந்தம்மாவுக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியாமப் போகும். பொறவு ரொம்பவே முடியாமப் போகும். மனசைத் திடப்படுத்திக்கிருங்க."

தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அப்போதே மூக்கைச் சிந்தி முடித்துவிடுவார்கள். திரையில் அந்தம்மா உயிரை விடும்போது கொட்டகை முழுக்கச் சேவு கடிக்கிற சத்தம்தான் கேட்கும். கதாநாயகன் ஆற்றில் குதிக்கப்போனால், அவருக்கு நீச்சல் தெரியும் என்று அண்ணாச்சி முதலிலேயே உத்தரவாதம் கொடுத்துவிடுவார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று எத்தனையோ தடவை துருவியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே மைக்கைத் துடைப்பார்.

ஒரு மர்மப்படம் வந்தது. முதல் ரீல் மாற்றும்போதே, அந்தக் கணக்குப்பிள்ளை மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டார். கொலைகாரன் கணக்குப்பிள்ளைதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மைக் போனால் அண்ணாச்சிக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மறுவாரம் புது ஆள் ஒருவர் இலக்கணத் தமிழில் பேசினார். படத்தில் ஒரு குழந்தை திடீரென்று செத்துப்போனது. கொட்டகையில் எழுந்த ஓலத்தில் ஆபரேட்டர் படத்தையே நிறுத்திவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் அம்மாள் ஒருவர் நேரே முதலாளியிடம் வந்து, இடைவேளை அண்ணாச்சி எங்கே என்று கேட்டார். கதையை முன்னாலேயே சொல்லிவிடுகிறார் என்று நிறுத்திவிட்டேன் என்றார் முதலாளி.

"திடுதிப்புன்னு காட்டுனா எங்களுக்குத் தாங்காது முதலாளி. அவுக முந்தி சிவகாசியில பட்டாசுக் கம்பெனியில இருந்தாக. வெடிச்சிருச்சுன்னா வீடு வீடாச் சேதி சொல்லுறது அவுக வேலை. எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சாக. சின்னக் காயம்னாக. செத்த நேரம் கழிச்சுப் பெரிய காயம்னாக. பக்கத்து வீட்டு அக்காளக் கூப்பிட்டு எங்கூட உக்கார வச்சிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாக. அவுகளைப் போயி நிப்பாட்டிட்டீகளே."

மறுநாள் காலை முதலாளி தன் சைக்கிளை என்னிடம் கொடுத்து, போய்க் கூட்டிவா என்றார்.

அண்ணாச்சி வாசலில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், முதலாளிக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது, இன்னும்கூடத் தணியலாம் என்று இழுத்தேன்.

"ஏலே, நல்ல சேதியை டக்குனு சொல்லிரணும்லே."

டக்கென்று சொன்னேன். அவர் ஈர வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். கொட்டகை வரைக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "அண்ணாச்சி, பள்ளம் வருது" என்று சொல்லிச் சொல்லி மெதுவாக மிதித்தேன்.