தூரப் போன கடல்

கவிழ்த்த கயாக் படகைத் தலையில் தாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் சூசை அண்ணை, பின்னால் நான். கயாக்கின் அடிப்பக்கத்தில் (இப்போது அது எனக்குக் கூரை) வரிசையாக மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் வானத்து வெள்ளி ஒன்று மினுங்கியது. நடக்க நடக்க ஒன்று போய் இன்னொன்று வந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த ஓட்டைகளைப் போட்டவன் நான் என்பது மறந்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

பொய் சொல்லி வேலை தேடுகிறவன், தனக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயத்தில் பொய் சொல்லவேண்டும். இந்த ஞானம் எண்பதுகளின் நடுவில், பாரிசின் லா ஷப்பலில் எனக்கு வந்தது. பிந்தித்தான் வந்தது.

நான் சுன்னாகத்து வெங்காயத் தோட்டத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொழும்பு, பெர்லின் என்று அலைந்து பாரிசில் இறங்கியவன். லா ஷப்பலில் எங்கள் அறையில் ஆட்கள் அதிகம், பாய்கள் குறைவு. இரவு வேலைக்காரர் எழும்பிப் போக, பகல் வேலைக்காரர் வந்து படுப்பார்கள். ஒரு வேலையும் இல்லாதவனுக்கு எந்த முறையிலும் பாய் இல்லை. குளிர் தொடங்குமுன் வேலை கிடைக்காவிட்டால் மறுபடி கார் து நோர் ரயில் நிலையத்து வாங்கில்தான் படுக்கை.

சூசை அண்ணை மன்னார்க்காரர். பக்கத்துத் தெரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே மீன் வெட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. சமையலறைக்கு மேலே படுக்க ஒரு சின்ன அறையும் உண்டு. முதலாளிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பாரிசுக்கு வடக்கே, சோம் ஆறு கடலில் விழும் இடத்தில் அவருக்கு ஒரு வீடு. அங்கே இரவில் கயாக்கில் விளக்கோடு போய், மணலில் தட்டையாகப் படுத்திருக்கும் நாக்கு மீனை மூன்று முனை ஈட்டியால் குத்துவார். அப்படிக் குத்தத் தெரிந்தவனிடம்தான் கத்தியைக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை.

“உமக்குக் கடல் தெரியுமோ?” என்று சூசை அண்ணை கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“மீன் குத்தின பழக்கம் இருக்கோ?”

“அது எத்தினை தரம்.”

(ஊரில், கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது, முழங்கால் தண்ணீரில் விளக்கோடு நின்றவர்களை யன்னலால் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தரம்.)

ஞாயிற்றுக்கிழமை உணவகம் பூட்டு. மீனோடு வந்தால் வேலை என்று முதலாளி வீட்டுச் சாவியைத் தந்தார். புறப்படும்போது இரண்டு கைகளையும் முன்னால் வெகுதூரம் தள்ளி, பிறகு நெஞ்சுவரை இழுத்துக் காட்டி, பிரெஞ்சில் நிறையச் சொன்னார்.

“தூரப் போகாமல் கெதியா வரட்டாம்,” என்று சூசை அண்ணை விளங்கப்படுத்தினார்.

பின்னேரம் அங்கே போய்ச் சேர்ந்தோம். கயாக்கை இறக்க நல்ல இடம் தேடி அண்ணை கரை முழுக்க நடந்தார். காற்றைப் பார்த்தார், தண்ணீரை நக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் கரையில் நின்ற படகின் இரு பக்கமும் மரக்கால் பூட்டியிருந்தது.

“பாத்தீரே, படகுக்குக் கால் வைச்சிருக்கிறாங்கள். இவங்களுக்கெல்லாம் கடலைப் பற்றி என்ன தெரியும்?”

கடைசியில், ஒரு மதிலடியில் தண்ணீர் தளும்பி நின்ற இடத்தைத் தெரிந்தெடுத்தார். கல் இல்லை, சேறு இல்லை. காலை நீட்டினால் கடல். இருட்டியதும் அங்கிருந்து தள்ளினோம்.

நிலவில்லாத இரவு. மரச்சட்டத்தில் ரப்பர் துணி இழுத்துக் கட்டிய அந்த ஒல்லிப் படகு சத்தமே இல்லாமல் போனது. விளக்கு வெளிச்சத்தில் கடலின் தரை ஒரு வீட்டு முற்றம்போலத் தெரிந்தது. அதன்மேல் நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். எங்கோ ஒரு பறவை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. கையில் ஈட்டியோடு நான் மீனையும் மறந்தேன், பாயையும் மறந்தேன். சற்றுக் கண்ணயர்ந்தும் இருக்கலாம். அண்ணையும் அயர்ந்திருக்கவேண்டும். ஏனென்றால் மெல்லிய அரைபடும் சத்தம் கேட்டு இருவரும் ஒன்றாகத்தான் நிமிர்ந்தோம். கயாக் மணலில் இருந்தது. நாங்கள் கயாக்கில் இருந்தோம். சுற்றிவர ஈரமணல், கண்ணுக்கெட்டிய தூரம்.

“தம்பி, கடலைக் காணேல்லை.”

“இஞ்சைதானே அண்ணை இருந்தது.”

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடல் வீட்டோடு இருக்கும் கடல். ஏறினால் ஒரு முழம், இறங்கினால் ஒரு முழம். இப்படிக் கூப்பிடுதூரமும் தாண்டிப் போய்விடும் கடலை மன்னார்க்காரரும் கண்டதில்லை. முதலாளியின் சொல்லை நாங்கள் மீறவில்லை, தூரப் போகவில்லை. கடல்தான் போனது.

அப்போதுதான் அந்த மீனைக் கண்டேன். கயாக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு குட்டையில், மணல் இரண்டு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. என் வேலை, என் அறை, என் குளிர்காலம் எல்லாம் அங்கே படுத்திருந்தது. ஈட்டியை ஓங்கினேன். மீன் வழுக்கி, கயாக்குக்குக் கீழே போனது. நானும் விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, என் இரண்டு முழங்காலுக்கும் நடுவால், கீழே குத்தினேன்.

சூசை அண்ணை அடித்துணியில் விழுந்த மூன்று ஓட்டைகளையும் விரல்விட்டு எண்ணினார். பிறகு, “ஊரிலையும் இப்பிடித்தான் குத்துறனீரோ?” என்று கேட்டார்.

“நான் வெங்காயக்காரன், அண்ணை.”

“இதை நீர் லா ஷப்பலிலை சொல்லியிருக்கலாம்.”

தூரத்தில் ஒரு சீறல் கேட்டது. கடல் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டைப் படகு மிதக்காது. அண்ணை மடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு முன்னால் நடக்க, மதிலில் எரிந்த ஒற்றை விளக்கைப் பார்த்து நான் பின்னால் நடந்தேன். முதலில் குதிகாலை நனைத்த தண்ணீர், மதிலை நாங்கள் தொடும்போது இடுப்பில் இருந்தது. வெள்ளிகள் மங்கிவிட்டன.

சூசை அண்ணையின் தங்கையைத்தான் பிறகு நான் கட்டினேன். அதனால் இந்தக் கதைக்குச் சாவில்லை. வீட்டில் நான் எதைத் தொலைத்தாலும், “இஞ்சைதானே இருந்தது” என்பாள் மனைவி. பிரெஞ்சைத் தவிர வேறொன்றிலும் பதில் சொல்லாத மகளும் அந்த இரண்டு சொல்லை மட்டும் தமிழில் சொல்லுவாள்.

அன்று காலையே, முதல் ரயிலில் பாரிஸ் திரும்பி, சேறு காயாத காற்சட்டையோடு முதலாளி முன்னால் நின்றோம். அண்ணை பிரெஞ்சிலும் நான் கைகளாலும் நடந்ததைச் சொன்னோம். முழங்காலுக்கு நடுவால் குத்திய இடத்தை நடித்துக்காட்டியபோது அவர் கதிரையைப் பிடித்து அதில் குந்திவிட்டார். சிரித்து முடித்து, கைகளை வெகுதூரம் தள்ளி, நெஞ்சுவரை இழுத்தார்.

“ஓ,” என்றார் சூசை அண்ணை. “கடல் தூரப் போய்க் கெதியாத் திரும்பி வருமெண்டதையோ சொன்னவர்.”

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஓர் ஏப்ரனையும், சந்தையிலிருந்து வந்த ஒரு பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெட்டி நிறைய நாக்கு மீன். என்னைக் கதிரையில் இருத்தி, கத்தியை என் கையில் தந்துவிட்டு, என் முழங்கால்களைக் கவனமாக மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

முதல் மீனை எடுத்தேன். அது இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. ஏற்கெனவே என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததுபோல் இருந்தது.