கைப்பக்குவமும் கடைத் தோட்டாவும்

“உசிரு இருக்கிற வரைக்கும் கடையில தோட்டா வாங்க மாட்டேன். வாங்கின அன்னிக்கு என் அறை உனக்கு!”

ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் தன் மனைவி லவோனுக்கு இப்படி வாக்குக் கொடுத்தபோது அவர் வயிறு நிறைய எல்க் மான் கறி இருந்தது. வயிறு நிறைந்த ஆண்பிள்ளை வாயைத் திறக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அன்றைக்கு அவரைத் தடுக்க ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் டெல்மர் கையைத் தட்டி உற்சாகப்படுத்தியும் விட்டான்.

அந்த அறை வீட்டின் கீழ்த்தளத்தில், வெந்நீர்க் கொதிகலனை ஒட்டி இருந்தது. மொன்டானாவில், மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில், ஒவ்வொரு புருஷனுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் உண்டு. சிலருக்கு மாட்டுக்கொட்டகை, சிலருக்கு மதுக்கடை. ஆர்விலுக்கு இந்த அறை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழே இறங்கிவிடுவார். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். வெடிமருந்தைத் தராசில் கொட்டி, ஒரு துகள் கூடினால் எடுத்து, ஒரு துகள் குறைந்தால் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பார். கூட்டில் மருந்து, மேலே குண்டு, பிறகு அழுத்து எந்திரத்தின் கைப்பிடியை ஓர் இழுப்பு. குண்டு கூட்டுக்குள் இறங்கும்போது உள்ளங்கையில் மெல்லிய அழுத்தம் ஒன்று தெரியும். அந்த அழுத்தத்தில் கிடைத்த நிம்மதி அவருக்கு ஆலயத்தில்கூடக் கிடைத்ததில்லை. இதை அவர் போதகரிடம் சொன்னதில்லை.

“கடைத் தோட்டா ஓட்டல் சாப்பாடு மாதிரி மாப்ளே. ஊருக்கெல்லாம் ஒரே கொழம்பு. இது என் துப்பாக்கிக்குன்னே செஞ்சது. எல்லாம் கைப்பக்குவம்!” என்று டெல்மரிடம் பெருமையடிப்பார்.

ஒரு முட்டையை ஒழுங்காக உடைக்கத் தெரியாத மனிதர் கைப்பக்குவம் பேசுவதை லவோன் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிற பெரிய எந்திரம் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். ஒரு கட்டிலைவிட நீளமானது. வீட்டில் அதை வைக்க ஒரே ஓர் அறைதான் தோது. ஆகவே எந்திரம் கார் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, குளிரில், அநாதையாக நின்றது.

“ஏங்க, அந்த அறையில பாதி குடுத்தாலும் போதுங்க.”

“மருந்து இருக்கிற இடத்துல துணியா? வேற வெனையே வேண்டாம்!”

“அப்ப மருந்தைக் கொட்டகைக்கு மாத்துங்க.”

“மருந்துக்குக் குளிர் ஆகாதும்மா!”

“எந்திரத்துக்கு மட்டும் ஆகுமா?”

ஆர்வில் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

வேட்டைப் பருவம் சனிக்கிழமை தொடங்கியது. அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் ஆர்வில் அந்த ஆண்டுக்கான தோட்டாக்களைச் செய்து முடித்தார். தராசுத் தட்டில் மிஞ்சிய மருந்தை டப்பாவில் திருப்பிக் கொட்டினார். மூடினார். மாடியேறிப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து தோட்டாக்களை ஒருமுறை ஆசைதீரப் பார்த்தார். இருபதும் வரிசையாக, ஒரே உயரத்தில், பளபளவென்று நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

லவோன் காபியோடு வாசற்படியில் நின்றாள். அந்த மேஜைக்கு அருகே அவள் வருவதே இல்லை. வெடித்துவிடும் என்று பயம், என்பது ஆர்விலின் நம்பிக்கை.

“முடிஞ்சுதாங்க?”

“முடிஞ்சுது. பாரு எப்படி நிக்குதுன்னு!”

“அழகா இருக்கு. ஏங்க, ரெண்டு டப்பா இருக்கே, எதுலேருந்து எடுத்துப் போட்டீங்க?”

ஆர்வில் திரும்பிப் பார்த்தார். மேஜை மேல் இரண்டு டப்பாக்கள். இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே கறுப்பு மூடி. ஒன்று ரைஃபிள் மருந்து. மற்றது கைத்துப்பாக்கி மருந்து, சுருக்கென்று பற்றிக்கொள்ளும் ரகம்.

அவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். தோட்டா செய்கிறவன் முதல் நாள் படிக்கிற பாடம் அது. இரண்டாவது எப்படி வந்தது? எடுத்து வைத்தோமா? எடுத்து வைக்கவில்லையா? வைத்தது போலவும் இருந்தது, வைக்காதது போலவும் இருந்தது. மாறிப் போட்டிருந்தால் துப்பாக்கி வெடித்துத் தாடையோடு சேர்ந்து போகும்.

“ஏன் வேர்க்குது உங்களுக்கு?”

“கொதிகலன் சூடு.”

“அது ரெண்டு நாளா அணைஞ்சு கெடக்கே.”

அவள் மேலே போனதும் ஆர்வில் டப்பாக்களின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். குண்டுகளைப் பிடுங்கி மருந்தை மாற்றலாமா? எந்த மருந்தை? மிஞ்சியதை எந்த டப்பாவில் திருப்பிக் கொட்டினோம் என்பதும் இப்போது சந்தேகமாகிவிட்டது. இரண்டு டப்பாவும் தீட்டுப்பட்டுவிட்டன. அவருடைய ரகத்தில் புது மருந்து வரப் பனி உருக வேண்டும். வேட்டைக்குப் போகாமல் இருந்துவிடலாமா? ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் தொடக்க நாளில் வீட்டில் இருந்தால் ஊரார் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்துவிடுவார்கள்.

இருபது தோட்டாக்களையும் ஒரு காலி காபி டின்னில் போட்டார். டின்னை வண்ணப்பூச்சு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தார். அன்றிரவு அவர் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை “டயர்ல காத்துப் பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். உள்ளூர்க் கடைக்குப் போக முடியாது. அவர் தோட்டாப் பெட்டியைத் தொட்டாலே கடைக்காரன் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவான். அதனால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போனார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

“என்ன வேணுங்க?” என்றாள் கடைப் பெண்.

“என் மச்சினனுக்கு” என்றார் ஆர்வில்.

“மச்சினனுக்கு என்ன வேணும்?”

தோட்டா என்று சொல்ல நாக்கு எழவில்லை. கையைக் காட்டினார். அவள் பெட்டியை எடுத்து வைத்து, “இதாங்க ஊருக்கே போகுது. நீங்களும் ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்” என்றாள். ஊருக்கெல்லாம் ஒரே குழம்பு. ஆர்வில் காசைக் கொடுத்துவிட்டுத் திருடன் மாதிரி வெளியே வந்தார்.

வழியில் கோதுமைக் கிடங்கின் பின்னால் வண்டியை நிறுத்தி, கடைத் தோட்டாவைத் தன் தோட்டா மாதிரி ஆக்கும் வேலையை ஆரம்பித்தார். கூட்டின் அடியில் பொறித்த கம்பெனி முத்திரை பற்றிக் கவலையில்லை. அவருடைய பழைய கூடுகளும் அதே கம்பெனிதான். ஆனால் புதுத் தோட்டாவின் கழுத்தில் தொழிற்சாலையில் சூடு காட்டிய நீலக்கறை இருந்தது. அடியில் சிவப்புச் சாயம் வளையமாக ஓடியது. கறையைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தார். சாயத்தை நகத்தால் சுரண்டினார். தன் பழைய பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிப் பார்த்தார். பெற்ற தாயே வந்தாலும் பிள்ளையை மாற்றி எடுத்துப் போவாள், அப்படி அமைந்துவிட்டது. ஆர்விலுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பாதி வழியில் சிரிப்பு நின்றது. அவருடைய துப்பாக்கி அவருடைய தோட்டாவுக்குப் பழகியது. வேறு தோட்டா போட்டால் எங்கே போய் அடிக்குமோ! ஒரு நாலு சுட்டுப் பார்த்துக் குறியைச் சரி செய்ய வேண்டும். ஆனால் தொடக்க நாளுக்கு முந்தின நாள் சுடுகளத்தில் ஊரே கூடியிருக்கும். ‘என்ன ஆர்வில், கைப்பக்குவத்துல உப்பு கம்மியா?’ என்று கேட்பார்கள். சுட்டுப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தார்.

“டயர் எப்படிங்க?” என்றாள் லவோன்.

“எந்த டயர்?”

“காத்துப் பாக்கப் போனீங்களே.”

“ஆங், அந்த டயர்! நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு.”

“வெரலெல்லாம் ஏன் செவப்பா இருக்கு?”

“டயர்ல பெயின்ட்டு.”

லவோன் அந்த விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மேற்கொண்டு அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அன்று அவர் கீழே அறைப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் விடியலில் லவோன் ரொட்டியும் காபியும் கட்டி, தோட்டாப் பெட்டி இருந்த பையில் வைத்தாள். ஆர்வில் வெளியே வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். டெல்மர் வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு வந்து ஏறிக்கொண்டான்.

மலைச்சரிவில் பனி முழங்கால்வரை கிடந்தது. வெளிச்சம் பரவியதும் பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து பெரிய ஆண் எல்க் ஒன்று வெளியே வந்து நின்றது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. ஆர்வில் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.

“மாமா, சுடுங்க!”

“இருடா.”

“உங்க தோட்டா தானே மாமா, என்ன யோசனை?”

“அதான்டா யோசனை!” என்று சொல்ல வந்ததை விழுங்கினார். மேலே அடிக்குமோ, கீழே அடிக்குமோ? எதற்கும் வழக்கமான இடத்தையே குறி வைத்து, கர்த்தாவே என்று விசையை இழுத்தார்.

எல்க் இரண்டடி நடந்து விழுந்தது. ஒரே குண்டு. அவர் குறிவைத்த இடத்திலேயே மயிரிழை பிசகாமல் பாய்ந்திருந்தது.

“ஐயோ மாமா! என்ன கைப்பக்குவம், என்ன கைப்பக்குவம்!” என்று டெல்மர் குதித்தான்.

ஆர்வில் பனியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்பட முடியவில்லை. முன்பின் தெரியாத கடைத் தோட்டா, சுட்டுக்கூடப் பார்க்காத கடைத் தோட்டா, அவருடைய தோட்டா அடிக்கிற இடத்திலேயே அடித்திருக்கிறது! அப்படியானால் இத்தனை வருஷம் ஒவ்வொரு துகளாக நிறுத்தது எதற்கு? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வீணா? மானைத் துண்டுபோட்டுச் சுமந்து இறங்கினார்கள். ஆர்விலின் நெஞ்சில் அந்த மானைவிடப் பெரிய பாரம் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பருவத்தின் முதல் எல்க்கின் இதயத்தை வெங்காயம் போட்டு வதக்கி அன்று மாலையே சாப்பிடுவார்கள். சாப்பிடுமுன் சுட்டவர் எழுந்து நின்று ஜெபம் சொல்ல வேண்டும். மூவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மணம் ஆளைத் தூக்கியது. ஆர்வில் எழுந்து கண்ணை மூடினார்.

“கர்த்தாவே, இந்த மானுக்காக ஸ்தோத்திரம். இந்த மலைக்காக ஸ்தோத்திரம். ம்... இந்த வெங்காயத்துக்காகவும் ஸ்தோத்திரம்.”

“தோட்டாவை விட்டுட்டீங்களே” என்றாள் லவோன், கண்ணைத் திறக்காமல். “வருஷா வருஷம் சொல்வீங்களே. ‘இந்தக் கையால செஞ்ச தோட்டாவுக்காக’ன்னு.”

“இந்தக் கையால...”

“ம்.”

“இந்தக் கையால, கர்த்தாவே...”

நெற்றியில் வியர்வை வழிந்தது. பெண்டாட்டியிடம் பொய் சொல்லலாம், மச்சினனிடம் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

“இந்தக் கையால செய்யலை!” என்று கதறிவிட்டார். “வாங்கினேன்! மலைக்கு அந்தாண்ட போயி வாங்கினேன். நகத்தால சாயத்தைச் சுரண்டினேன். டயர்ல பெயின்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல!”

டெல்மர் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். லவோன் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மாவுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதில் தோட்டாக்கள் கிடந்தன.

“நீங்க வாங்கினது இதாங்க. இருபதும் அப்படியே இருக்கு. எண்ணிப் பாருங்க.”

“அப்ப நான் சுட்டது?”

“டின்னுல ஒளிச்சு வெச்சீங்களே, அது. நீங்க வண்டியைச் சூடு பண்ணும்போது மாத்தி வெச்சேன்.”

“அடிப்பாவி! மருந்து மாறியிருந்தா என் தாடை போயிருக்குமே!”

“மாறலைங்க. நீங்க மாடியில கை கழுவிக்கிட்டு இருந்தப்பதான் அந்த ரெண்டாவது டப்பாவை நான் மேஜையில வெச்சேன்.”

ஆர்விலுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. முதலில் இறங்கியது ஒன்றே ஒன்றுதான். அந்த எல்க்கை அடித்தது அவருடைய தோட்டா! அவர் நிறுத்த மருந்து! நாற்காலி சரிய எழுந்து குதித்தார்.

“பாத்தியா மாப்ளே! அதானே பாத்தேன், கடைத் தோட்டாவாவது அப்படி அடிக்கிறதாவது! கைப்பக்குவம்டா! நான் ஜெயிச்சேன்! அறை எனக்குத்தான்!”

“சுட்டது உங்களோடதுதாங்க, யார் இல்லேன்னா?” என்றாள் லவோன். “வாங்கினதும் நீங்கதானே. நீங்க குடுத்த வாக்கு வாங்குறதைப் பத்தித்தான்.”

ஆர்வில் அப்படியே உட்கார்ந்தார்.

“அப்புறம் எதுக்கு மாத்தி வெச்சே? கடைத் தோட்டாவோடவே விட்டிருக்கலாமே!”

“சுட்டுப் பாக்காத தோட்டாவைக் கொண்டுபோயி மானைத் தவற விட்டுட்டு வந்தா, குளிர்காலம் பூரா நான் எதைச் சமைக்கிறது? எனக்கு அறையும் வேணும், கறியும் வேணும்.”

ஆர்வில் கடைசி நம்பிக்கையாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, நீயே சொல்லு. இது நியாயமா?”

டெல்மர் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கினான்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. நேத்து நீங்க டயருக்குக் காத்துப் பாக்கப் போனப்ப, நானும் அக்காவும் எந்திரத்தைக் கீழே அந்த அறையில எறக்கி வெச்சுட்டோம். கதவு மட்டும் கொஞ்சம் இடிச்சுது. கழட்டி மாட்டிட்டோம்.”

ஆர்வில் கீழே போகும் படியை எட்டிப் பார்த்தார். லவோன் கணவனின் தட்டில் இதயத்தின் பெரிய துண்டை எடுத்து வைத்து, மேலே வெங்காயத்தைத் தாராளமாகப் பரப்பினாள்.

“ஜெபத்தைப் பாதியில விட்டுட்டீங்க. ஆமென் சொல்லி முடிங்க, ஆறிப்போகுது.”

“ஆமென்” என்றார் ஆர்வில்.