பிரபுவுக்குத் திட்ட வரவில்லை

“வெளியே போடா.” இரண்டே வார்த்தை. அதைக் கிருபாசங்கரின் வாயிலிருந்து வரவழைக்க வர்ஷினி பத்து நாளாகப் போராடிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள் அவள். இங்கிலாந்தின் மாளிகை நாடகங்கள் என்றால் உயிர். அந்த ஆசையில் தானே தமிழில் ஒன்றை எழுதி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை நடத்தினாள். லண்டன் நாடக விழாவுக்கு ஆள் தேர்வு செய்யும் மார்கரெட் அம்மையார் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் குழுவே லண்டன் போகும். நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கதையில் வரும் பிரபு மகா முரடர். வெள்ளிக் கரண்டியைத் திருடிய வேலைக்காரனை அவர் விரட்டியடிக்க வேண்டும். பிரபுவாக நடித்தவர் பம்புசெட் கம்பெனி முதலாளி கிருபாசங்கர். ஆறடி உயரம், முறுக்கு மீசை. கோட்டு மாட்டினால் பிரபுவேதான், வாயைத் திறக்காதவரை. மண்டபமும் அவருடையது என்பதால் ஆளை மாற்றவும் வழியில்லை.

“ஏனுங்க தம்பி, கொஞ்சம் வெளிய போறீங்களா?” என்றார் முதல் நாள். வேலைக்காரனாக நடித்த பிரவின்குமார் சிரித்துவிட்டான்.

வர்ஷினி வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி எதிரே பிடித்தாள். அவர் அதைச் சரியாகப் படித்தார். படித்த கையோடு பிரவினின் தோளைத் தட்டி, “மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு” என்றார்.

கோபம் வந்தால் சரியாகிவிடும் என்று, அவருடைய பம்பு தண்ணீரே இறைப்பதில்லை எனச் சொல்லும்படி பிரவினைத் தூண்டிவிட்டாள். அவர் முகம் சிவந்தது.

“அப்படீங்களா? உக்காருங்க, நிதானமாப் பேசலாங்க.”

கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. வர்ஷினி கெஞ்சினாள்.

“எங்க வாட்ச்மேனையே நான் அப்படிப் பேசுனதில்லீங்க அம்மணி” என்றார் பாவமாக.

கடைசியில் வசனத்தையே வெட்டிவிட்டாள். பேசாமல் கதவை நோக்கிக் கையை நீட்டினால் போதும்.

நாடக நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மார்கரெட். பக்கத்தில் அவரைக் காரில் அழைத்துவந்த பஷீர், வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரபு கம்பீரமாகக் கையை நீட்டினார். வேலைக்காரன் தேம்பியபடி நடந்தான். கொஞ்சம் நன்றாகவே தேம்பிவிட்டான். அதுதான் வினை.

“ஏங்கண்ணு, டீ குடிச்சுட்டுப் போங்க.”

பிரபு அவனை இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். பதறிய பிரவினின் சட்டைப் பையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். அதை அவன் கையிலேயே வைத்தார்.

“இதையும் கொண்டுபோங்க. நம்ம ஊட்டுக்கு வந்துபோட்டு வெறுங்கையோட போகக்கூடாதுங்க.”

வர்ஷினி திரையை இழுத்து மூடினாள். லண்டன் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

பஷீர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். மார்கரெட் அம்மையார் இன்னும் நாற்காலியைவிட்டு எழவே இல்லையாம். வர்ஷினி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“இருங்கம்மா, கேளுங்க. அவங்க ஊர்ப் பிரபுக்களும் இப்படி மரியாதையாப் பேசியேதான் ஆளத் தீத்துக்கட்டுவாங்களாம். ஆனா, டீயும் குடுத்து, திருடுன கரண்டியையும் கையில குடுத்து அனுப்பற ஈவிரக்கமில்லாத மனுசன அங்ககூடப் பாத்ததில்லீங்களாம். அந்தக் கொடூரரத்தான் லண்டனுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க.”