கால இயந்திரத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

"சொல்லுங்க. அந்த மாதிரி ஒரு டைம் மெஷின் கிடைச்சா, மறுபடியும் என்னையே கட்டிக்குவீங்களா?"

ஆட்டோ இன்னும் தியேட்டர் வாசலைக்கூடத் தாண்டவில்லை. முத்துகிருஷ்ணனுக்கு வியர்த்துவிட்டது. படத்தில் நாயகன் மூன்று முறை காலத்தில் பின்னோக்கிப் போய், தனக்கென்று விதித்தவளைத் தவிர்க்கப் பார்க்கிறான். மூன்று முறையும் அவள்மேலேயே போய் முட்டிக்கொள்கிறான். மனைவி சண்முகவடிவு முந்தானை நனைய அழுதாள். இவருக்கும் படம் பிடித்துத்தான் இருந்தது. முடிந்ததும் பரீட்சை உண்டு என்றுதான் யாரும் சொல்லவில்லை.

"இதென்ன கேள்வி வடிவு? நீதான்னு என் தலையில எழுதியிருக்கே."

"அப்ப, தலையெழுத்தேன்னு கட்டிக்கிட்டீங்க."

"ஐயோ, இல்ல. நானா விரும்பித்தான்."

"விரும்பினவர்தான் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு என்னை விட்டுட்டு பஜ்ஜியையே பார்த்துக்கிட்டிருந்தீங்களா?"

"சார், அத்தெல்லாம் அப்பால பேசிக்கலாம். மயிலாப்பூர்தானே?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒழுங்கா பதில் வரலைன்னா கோடம்பாக்கம். என் தம்பி வீடு. இவர் மட்டும் மயிலாப்பூர் போகட்டும்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனதில்லை. அவள் இல்லாத வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பதற்றத்தில், சாகும்வரை சொல்லக் கூடாதென்று வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார்.

"விதிக்கு ஆதாரமே நாமதான் வடிவு. அன்னிக்கு நாங்க வந்தது தப்பு வீடு. தரகர் எழுதிக் குடுத்தது பதினாலாம் நம்பர், பொண்ணு பேரு லாவண்யா. பழைய நம்பர், புது நம்பர் குழப்பத்துல உங்க வீட்டுல வந்து உட்கார்ந்துட்டோம். நீங்களும் வேற யாரையோ எதிர்பார்த்திருப்பீங்க போல, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் தயாரா இருந்துச்சு. இது விதி இல்லாம என்ன?"

சண்முகவடிவின் முகம் வெளுத்துப்போனது.

"கோடம்பாக்கம் போப்பா" என்றாள்.

அவரும் இறங்காமல் கூடவே போனார். தம்பி நெடுஞ்செழியன் கதவைத் திறந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னாச்சு மாமா?"

"படம் பார்த்தோம்" என்றார் பரிதாபமாக. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மனைவி பக்கம் திரும்பி வாசலிலேயே கொட்டித் தீர்த்தார். "உங்கம்மா 'வடிவு'ன்னு கூப்பிட்டப்பவே தப்பு வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா எழுந்திரிக்கப் பார்த்தாரு. உன் முகத்தைப் பார்த்துட்டு, நான்தான் அவர் வேட்டியைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சேன். அப்புறம் உன்னை நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருந்துச்சு, அதான் பஜ்ஜியைப் பார்த்தேன். எத்தனை மெஷின் வந்தாலும் அதே வேட்டியைத்தான் இழுப்பேன். போதுமா?"

சண்முகவடிவு கதவைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். நெடுஞ்செழியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னுமா நீ சொல்லலை? மாமா, பக்கத்து வீட்டு லாவண்யாகிட்ட உங்க போட்டோவைப் பார்த்துட்டு வந்து, அவங்க பதினாலாம் நம்பர் பலகையைக் கழட்டி எங்க வாசல்ல மாட்டச் சொன்னதே அக்காதான். பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வச்சுட்டு வந்து, எனக்கு ஸ்டூலைப் பிடிச்சுக்கிச்சு."