ரோஜாப்பூ போட்ட ஈரத்தடுப்பு ஷீட்

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். தரை மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலமும், குறிப்பாக என் மகளின் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். போனில் என்றால் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

கீழ் அறையில் ஈரம் காயாதவரை இந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதும், பழைய தரையை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போடச் சொல்லி, அதற்கடியில் விரிக்க நீங்களே ஷீட் வாங்கி அனுப்பியதும், அதில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்ததும் நினைவிருக்கும். இன்ஜினியர் சொல்கிறாரே என்று தலையாட்டினேன். பார்சலைப் பிரித்து என் சகதர்மிணி, அதாவது உங்கள் அத்தை, எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தால் ஷீட் முழுக்க ரோஜாப்பூ! மண்ணுக்கடியில் போகிற சாமானுக்கு இவ்வளவு அலங்காரமா என்று திகைத்தேன். இந்தக் காலத்தில் எல்லாமே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஓரத்துல வரிசையா வட்ட வட்டமா ஓட்டை வேற. தண்ணி இறங்க இன்னும் நாலு ஓட்டை போடலாமான்னு மேஸ்திரி கேட்டார். "அதெல்லாம் கம்பெனிக்காரனே போட்டு அனுப்பியிருக்கான், நீங்க கை வைக்காதீங்க"ன்னு அடக்கிட்டேன். செருப்போட யாரையும் மிதிக்க விடல, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி விரிச்சு நானே டேப் ஒட்டினேன், அப்புறம்தான் கான்கிரீட் கொட்டினாங்க. இப்ப என்னடான்னா தரை அழுவுது. பாய் தரையோட ஒட்டிக்குது, மர அலமாரி உப்பிப்போய்க் கதவு திறக்க மாட்டேங்குது, சுவரோரம் பூஞ்சை. ஓட்டை கூடாதுன்னு சொன்ன மனுஷன் ஓட்டை ஷீட்டை அனுப்பலாமா மாப்பிள்ளை? கோபம்தான், மறைக்கல. பொண்ணு வரணும்னுதான் இந்த வயசுல மண்ணுல முட்டி போட்டேன். கடைக்காரன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் தணிந்தபின்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: கடித உறை தேடிப் பரண் ஏறினேன். அங்கே கறுப்பாக, தடியாக, பூவும் ஓட்டையும் இல்லாத ஒரு ஷீட், பூச்சி உருண்டை போட்டுப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறது. உங்கள் அத்தையைக் கேட்டேன். "இவ்ளோ நல்ல ஷீட்டை மண்ணுல புதைக்க மனசு வரல. பொண்ணு வந்தா மெத்தைக்கு அடியில போடலாம், ஈரம் ஏறாதுன்னு எடுத்து வச்சேன். பாத்ரூமுக்கு வாங்கி அளவு பத்தாத பிளாஸ்டிக் திரைங்க சும்மாதானே கிடந்துச்சு, அதைக் குடுத்தேன்" என்கிறாள். தரையை மறுபடி உடைக்க மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன். மகளை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். மேலே எழுதியதில் நலம் விசாரித்தது மட்டும் செல்லும்.