நேசையன் அண்ணன் விமானம் ஏற வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

குழித்துறை,
சனிக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் நேசையன் அவர்களுக்கு, தம்பி யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி செல்லபாயும் தேவகிருபையால் சுகம். அங்கே நீங்களும் மைனியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். செல்லபாய் உண்மையாகவே ஜெபிக்கிறாள்.

உங்கள் வாய்ஸ் மெசேஜைப் பலமுறை கேட்டேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, மஸ்கட் போதும், இனி ஊரோடு வந்து நம் வீட்டிலேயே இருந்துவிடலாமா, விமானம் ஏறினால் ஏதாவது ஆகுமா என்று கேட்டு, "ஏலே, நீதானே படிச்சவன், சொல்லு" என்று முடித்திருந்தீர்கள். நான் படித்தவன் என்பது உங்களுக்கு இப்போதுதான் நினைவு வந்திருக்கிறது. சந்தோஷம். படித்தவனாகவே பதில் சொல்கிறேன்: வர வேண்டாம். நான் ஏறிய ஒரே விமானம், உங்கள் மகள் பெபிஷாவின் கல்யாணத்துக்கு மஸ்கட் வந்ததுதான். வழியில் என்ன நடந்தது என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அன்று காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டேன். சாப்பிட உட்காரும்போது போதகர் சபையாரோடு வந்துவிட்டார். நம் சபையில் யார் விமானம் ஏறினாலும் உபவாச ஜெபம் நடத்தாமல் விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஊசி போட்டவன் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயணம் போகிறவனே தட்டின் முன் உட்கார்ந்திருந்தால் சபையார் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். இரண்டாவது அறிவு ஜெயித்தது. போதகர் விமானத்துக்காக ஜெபித்தார், ஓட்டுகிறவருக்காக ஜெபித்தார், பிறகு வளைகுடா நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபித்தார். குவைத் வரும்போதே எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. செல்லபாய் கார் ஜன்னல் வழியே ஆப்பத்தை நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்கவில்லை. மஸ்கட்டில் மகனோ மருமகனோ உள்ளவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்ததில் கைப்பை நிறைந்து, என் மருந்தெல்லாம் பெரிய பெட்டிக்குப் போயிற்று. அங்கே மைனிக்காக ஐஸ் போட்டு எடுத்த நெய்மீன் இருந்தது. இன்சுலினுக்குக் குளிர்ச்சி நல்லது என்று அதன் மடியிலேயே வைத்தேன். வந்து திறந்தால் மருந்து கட்டியாகி வீணாய்ப் போயிருந்தது. மீன் நன்றாக இருந்தது என்று மைனி சொன்னார்கள்.

திருவனந்தபுரம் போகிற வழியில் ஒரு டீ குடித்துச் சமாளித்தேன். விமானம் எழும்பியதும் உடம்பு எடையில்லாமல் ஆயிற்று. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்போல, இதற்குத்தான் இவ்வளவு டிக்கெட் காசு என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஊர்ப்பக்கத்துச் சிதறால் பாறை சத்தமில்லாமல் கூடவே பறந்து வந்தது. மேகத்தின் மேல் நம் குழித்துறை ஆறு அகலமாய்க் கிடந்தது. அதன் சப்பாத்துத் தரைப்பாலத்தில் நீங்கள் நின்றீர்கள், முடியெல்லாம் கறுப்பாக, இடுப்பில் துவர்த்துத் துண்டு. "ஏலே, எறங்கு. வெள்ளம் இளஞ்சூடாட்டு கெடக்கு" என்றீர்கள். நான் உங்களோடு சண்டையில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன சண்டை என்பது நினைவுக்கு வரவில்லை. ஒரு காலை வைத்துப் பார்த்தேன், மேகம் உண்மையிலேயே இளஞ்சூடாக இருந்தது. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

பக்கத்து இருக்கையில் குளச்சல் பக்கத்து அம்மா ஒருவர், வியாகுலம்மாள் என்று பெயர், மகனைப் பார்க்கப் போகிறவர். "மொதத் தடவையா? அழப்பிடாது மக்கா. எம் மவனும் இப்பிடித்தான் அழுதுட்டுப் போனான். ரெண்டு வருசம் கழிஞ்சா லீவு விடுவாவ" என்றார்.

"நான் வேலைக்குப் போகவில்லை. கல்லூரிப் பேராசிரியர்" என்றேன்.

"அதுக்கென்ன, எந்த வேலையும் கேவலம் இல்ல" என்று சொல்லி முந்திரிக்கொத்தை என் வாயில் திணித்தார். இரண்டு தின்றதும் இறங்கிய சர்க்கரை ஏறி, சிதறால் பாறை கலைந்தது, ஆறும் வற்றியது. நீங்கள் மட்டும் போவதற்கு நேரமெடுத்தீர்கள்.

அதற்குள் கால் வீங்கிவிட்டது. ஒரே இடத்தில் உட்கார்ந்து கனவு கண்டால் வேறென்ன ஆகும்? கழற்றிய ஷூ ஏறவில்லை. வெறும் சாக்ஸோடு இறங்கினேன். நீங்கள் மேலும் கீழும் பார்த்தீர்கள். மறுநாளும் கால் வற்றவில்லை. "ஏலே, கோட்டு போட்ட ஆளுவ வருவாவ" என்று சொல்லி சர்ச்சில் என்னைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தீர்கள். பெண்ணின் சித்தப்பா நான், ஆராதனை முழுவதும் தூணைத்தான் வாழ்த்தினேன்.

ஆகவே அண்ணனுக்குச் சொல்வது: நீங்கள் வருவதென்றால் முதலில் பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்டென்ட்டை மறைக்கக் கூடாது. மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம் தலையில்தான் விழும். சேர்த்த காசை நோட்டாகக் கட்டிக்கொண்டு வராமல் பேங்க் வழியாக முன்பே அனுப்பிவிட வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நடுவில் எழுந்து நடக்க வேண்டும், எவன் பொட்டலத்தையும் தொடக் கூடாது. பிறந்ததுமுதல் யார் பேச்சையும் கேட்காத நீங்கள் இதெல்லாம் செய்வீர்களாக்கும்? மாட்டீர்கள். அங்கேயே இருங்கள். இங்கே இடமும் இல்லை. கிழக்கு அறை முழுக்க என் புத்தகங்கள்.

மைனிக்கு என் ஸ்தோத்திரம். பெபிஷாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் இருதயத்தைக் காக்கட்டும், முடிந்தால் கொஞ்சம் இளக்கவும் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்க்காத தம்பி,
யேசுரத்தினம்.

பி.கு.: புத்தகங்களை நேற்றே மாடிக்கு ஏற்றியாயிற்று. கிழக்கு அறையில் வெள்ளையடிக்கிறார்கள். அந்த இரைச்சலில் மேலே என்ன எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. டாக்டர் கடிதத்தை மட்டும் வாங்கி வையுங்கள். மாதக் கடைசியில் நானே வந்து உங்களையும் மைனியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், டிக்கெட் போட்டுவிட்டேன். வழியில் உங்களோடு பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மாத்திரைக்கு நேரமானால் தட்டி எழுப்புவேன்.